வாசலைச் சாத்தும் அளவுக்குப் பலம்

என் வீட்டுக்காரர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து, அவரைப் பெற்ற உம்மாவுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது என்று தந்தி வந்திருந்தது. தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர், "உம்மாவைப் பார்த்துட்டு அடுத்த மாசமே வந்துருவேன். புள்ளைக்குக் குளிர் படாம பாத்துக்க," என்றார். அவ்வளவுதான். நான் அழவில்லை. அடுத்த மாதம் வரப்போகிறவருக்காக யார் அழுவார்கள்?

கொழும்பிலிருந்து வெள்ளைக்காரர்கள் போய், நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களான நாங்கள் இந்த நாட்டுக்காரர்களா, அந்த நாட்டுக்காரர்களா என்பது மட்டும் முடிவாகாமல் கிடந்தது. அக்கரைக்குப் போவது சுலபம். திரும்பி வருவதற்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதி அவருக்குக் கிடைக்கவில்லை. கப்பல் ஏறுகிறவர்களை நிறுத்தி வைக்கும் மண்டபம் முகாமில் காத்திருப்பதாக ஒரு கடிதம் போட்டார். மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன், பொறுத்துக்கொள் என்று இன்னொன்று. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. நான் எழுதியவற்றுக்கும் பதில் இல்லை.

நாங்கள் இருந்தது டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து வாசலில் நாலைந்து கடைகள் இருந்தன, அவற்றுள் கடைசி எங்கள் பாண் போறணை, பெரிய அடுப்பில் ரொட்டி சுடும் கடை. தலவாக்கலையில் இருந்த முஸ்லிம் முதலாளி ஒருவருக்குச் சொந்தமானது. என் வீட்டுக்காரர் அங்கே பாண் சுடுகிறவர். போறணைக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருந்த ஒற்றை அறையில்தான் குடும்பம் நடத்தினோம். அவர் வராமல் போனதும் முதலாளி என்னை வெளியேற்றியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. "வேலை தெரியும்தானே, அவன் வர்ற வரைக்கும் நீயே பாரு," என்றார். மாவு பிசைவது, உருட்டுவது எல்லாம் நான் செய்தேன். நெருப்பு மூட்டி, தட்டுகளை உள்ளே தள்ளி எடுப்பது பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்காவின் வீட்டுக்காரர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கப் போவதற்கு முன்னால் அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அந்தத் தோட்டத்தில் எங்களுடையது ஒன்றுதான் முஸ்லிம் வீடு. என்னைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. எனக்கு மனுஷர் என்றால் அவள்தான். நான் தொழும்போது மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நிற்பாள். "முடிஞ்சிருச்சா, சாமி கிட்டப் பேசி?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி வருவாள்.

பள்ளிவாசல் டவுனில்தான் இருந்தது. பாங்குச் சத்தம் எங்கள் மலைக்கு எட்டாது. விடியற்காலை சுபுஹுக்குப் பெரட்டுக்கு அடிக்கும் தப்பு, நடுப்பகல் லுஹருக்கு ஃபாக்டரிச் சங்கு என்று நானாகவே நேரம் வைத்துக்கொண்டேன். பின்னேர அஸர்தான் கஷ்டம். மூடுபனி இறங்கிவிட்டால் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. நேரம் ஆகிவிட்டதா, தவறிவிட்டதா என்று தெரியாமலே நிற்பேன். தவறியிருந்தால் மன்னித்துக்கொள் என்று அல்லாஹ்விடமே சொல்லிவிடுவேன்.

மகள் நடக்கப் பழகினாள், பேசப் பழகினாள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவர் வரவில்லை. நான் மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. ஊரில் யாராவது, "பாய் எப்பம்மா வர்றாரு?" என்று கேட்பார்கள். முதலில் மாதம் சொன்னேன். பிறகு வருடம் சொன்னேன். பிறகு கேட்பவர்களே இல்லாமல் போனார்கள்.

கோதுமை மா மூட்டைகளைத் தலவாக்கலையிலிருந்து வாரம் ஒரு தடவை லொறியில் கொண்டு வருவார்கள். பழைய டிரைவர் விலகியதும் புதிதாக ஒருவர் வந்தார். நுவரெலியாவைச் சேர்ந்த மலாய்க்காரர். முப்பதுக்கு மேல் வயது. மனைவி தலைப்பிரசவத்தில் குழந்தையோடு இறந்துவிட்டாளாம். மூட்டைகளை இறக்கிவிட்டு வெளியிலேயே நின்று பால் ஊற்றாத பிளேன்டி குடிப்பார். ஒருநாள்கூட உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், நான் அண்ணன் முறையில் நானா என்றேன்.

மகளுக்குக் கக்குவான் இருமல் வந்த வருடம், மூச்சுத் திணறிப் போன ஒரு நாளில் அவர் லொறி வந்து நின்றது. மூட்டைகளை இறக்கக்கூட இல்லை. "ஏறுங்க தங்கச்சி," என்று சொல்லி, வளைவுகளில் லொறியை விரட்டி எங்களை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிள்ளை பிழைத்தது. அதற்கு நன்றி சொன்னபோது அவர் சிரித்தார். "அல்லா பிழைக்க வச்சான். நான் ஸ்டியரிங்கதான் பிடிச்சேன்."

எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. லொறி வருகிற நாளில் நல்ல சேலையாக எடுத்து உடுத்தியிருக்கிறேன் என்பது ஒருநாள் கண்ணில் பட்டது. அக்காவுக்கு அதற்கு முன்பே பட்டிருக்கிறது. "என்னா, இன்னைக்கு மாவு வர்ற நாளா?" என்று கேட்டுச் சிரித்தாள். கேலிதான். எனக்கோ போறணைக்குள் கையை விட்டது போலிருந்தது.

அன்றிலிருந்துதான் நான் கேட்கத் தொடங்கினேன். "யா அல்லாஹ், இந்த ஆசையை என்னிடமிருந்து எடுத்துவிடு." ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்டேன். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தபடியே கேட்டேன். மாவு பிசையும்போது ஷைத்தானிடமிருந்து காவல் தேடும் அஊதை வாய்க்குள் ஓதினேன். திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தேன். வியாழன்தான் லொறி வரும் நாள். வெந்த பாணின் மணம் அறை முழுக்க நிறைந்திருக்கும், வயிறு காந்தும், கண் மட்டும் ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவன் எடுக்கவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. தொழுதால் மனசு சாந்தமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நாட்களில் எனக்கு ஆகவில்லை. தக்பீர் கட்டி நின்றால், தூரத்தில் கியர் மாற்றும் லொறிச் சத்தம் கேட்கிறதா என்று காது தேடும். சில தொழுகைகளில் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்றே தெரியாமல் போய்விடும். திரும்ப முதலிலிருந்து தொழுவேன். முசல்லாப் பாயில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். புருஷனுக்காக அழுகிறேன் என்று அக்கா நினைத்தாள். அவர் முகமே எனக்குச் சரியாக நினைவில்லாமல் போயிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு பகல். மூட்டைகளை இறக்கி முடித்தும் அவர் போகவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சேறும் சகதியுமான ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே நான் ஒங்களத் தங்கச்சிண்டு கூப்பிட மாட்டேன்," என்றார்.

நான் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.

"வேற மாதிரி நெனச்சிக்கிட்டு வாயால தங்கச்சிண்டு சொல்றது பொய். அல்லாக்குப் பயந்துதான் சொல்றேன். ஒங்களுக்கு இஷ்டமில்லாட்டி சொல்லுங்க, வேற லைன் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிடறேன்."

"எனக்குப் புருஷன் இருக்கார், நானா."

"இருக்காரா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார். 

பிறகு, "காதி கிட்டப் போய்க் கேளுங்க. முறைப்படி விடுவிச்சுத் தந்தா, முறைப்படி நிக்காஹ் செய்வோம். புள்ளை எனக்கும் புள்ளைதான்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைப் பலகையில் வைத்தார்.

அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. நான் கேட்டதை அவன் எடுக்காமல் விட்டது இதற்காகத்தான் போலும், மார்க்கத்தில் ஆகுமான வழியை வைத்துக்கொண்டுதான் காத்திருந்தான் போலும் என்று நினைத்தேன். அக்கா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு என்னுடன் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்தாள். முஸ்லிம்களின் கல்யாண வழக்குகளை விசாரிக்கும் காதி அங்கே இருந்தார். நரைத்த தாடி, மெல்லிய குரல். என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார். அக்கா பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காதி எழுதிய தாளை மடித்து வைத்தார். பிறகு, "மகள், அவர் ஒங்கள விட்டுட்டுப் போகல்லியே. உம்மாவப் பார்க்கப் போனார். கவுண்மேந்து திரும்பி வர விடல்ல. கைவிட்டார்ண்டு நான் எப்படித் தீர்ப்பு எழுதுறது? அவருக்கு அறிவிக்கணும். உயிரோட இரிக்கிறாரா இல்லியாண்டு முதல்ல தெரியணும். அந்த ஊர் ஜமாஅத்துக்கு ஆள் மூலமா விசாரிக்கிறேன். பொறுத்துக்கங்க," என்றார்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று அக்காதான் கேட்டாள்.

"அல்லாக்குத்தான் தெரியும்."

வெளியே வந்ததும் அக்கா, "ஒங்க சாமிக்கு மட்டும் எல்லாம் தெரியும், ஒரு வார்த்தை சொல்லத்தான் தெரியாது," என்று முணுமுணுத்தாள். நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எனக்கும் வாய்வரை அதுதான் வந்திருந்தது.

பொறுத்தோம். வியாழன்தோறும் லொறி வரும். "தகவல் ஏதும்?" என்று அவர் கேட்பார். "இல்லை," என்பேன். அவர் பொறுமைசாலி. ஆனால் மனுஷன். ஒரு பெருநாள் போயிற்று. இன்னொரு பெருநாளும் போயிற்று. போறணைக் கூரை ஒழுகியபோது தகரம் கொண்டு வந்து, வெளியே ஏணி சாத்தி ஏறி அடித்துத் தந்தார். மகள் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே நின்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இதுதானே குடும்பம், இதற்கு யாருடைய முத்திரை வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய மறுகணம் பயம் வந்தது. அவரைப் பார்த்து வந்த பயமல்ல. எனக்குள் யாரோ என் குரலிலேயே, இவ்வளவு நியாயமாகப் பேசுகிறார்களே என்ற பயம்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, வழக்கமாக வராத ஒரு நாளில் லொறி வந்தது. வெறும் லொறி. அவர் இறங்கி நேராக வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"கொழும்புல எனக்கு வேலை சொல்லியிரிக்காங்க. ரூமும் இரிக்கி. வாங்க, போயிடுவோம்."

"காதி..."

"காதி சொல்லட்டும். சொல்றப்ப சொல்லட்டும். அது வரைக்கும் இந்த மலைல இப்பிடியே கெடந்து சாகணுமா? அங்க ஒங்கள யாருக்குத் தெரியும்? என்னோட பொஞ்சாதிண்டுதான் நெனப்பாங்க. பேப்பர் வந்த நாளே நிக்காஹ் செய்வோம். நான் ஏமாத்துற ஆளா?"

ஏமாற்றுகிறவர் அல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் கொடுமை. கெட்டவன் வந்து கூப்பிட்டிருந்தால் விளக்குமாற்றால் பதில் சொல்லியிருப்பேன்.

மகள் அதற்குள் ஓடிப்போய் லொறியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "உம்மா, வாங்க! வாங்க உம்மா!" என்று கூப்பிட்டாள். லொறிக்கதவு திறந்து கிடந்தது. நான் ஒரு பையை எடுத்து அவளுடைய உடுப்புகளை அதில் திணித்தேன். என் கைதான் திணித்தது. ஃபாக்டரிச் சங்கு ஊதியது. பகல் சங்கு.

"லுஹர் தொழுதுட்டு வர்றேன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். அவரும் தொழுகிறவர். தொழுதுவிட்டு வருகிறேன் என்றால் எப்படி மறுப்பார்?

கை கால் முகம் கழுவி ஒழுச் செய்து முசல்லாவை விரித்தேன். என்ன ஓதினேன் என்று தெரியாது. கடைசி சுஜூதில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. கேட்பதற்கு வார்த்தை வரவில்லை. ஆசையை எடு என்று கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். புருஷனைக் கொண்டுவா என்று கேட்க மனசு வரவில்லை. இவரை எனக்குத் தா என்று கேட்கவும் நா எழவில்லை. வெளியே லொறி உறுமிக்கொண்டிருந்தது. "என்னால் முடியவில்லை. என்னால் முடியவில்லை. நீ பிடித்துக்கொள்." அதை மட்டும்தான் சொன்னேன். தரையின் குளிர் நெற்றியில் ஏறியது. பதில் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் வரவில்லை, குரல் வரவில்லை, மனசு இளகவில்லை. ஆசை அப்படியே, கொஞ்சமும் குறையாமல் இருந்தது. ஆனால் எழுந்தபோது, நான் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. அவன் தந்தது வாசலைச் சாத்தும் அளவுக்குப் பலம். அதற்கு மேல் ஒரு துளி இல்லை.

வெளியே போய் மகளைச் சீட்டிலிருந்து இறக்கினேன். அவள் என் தோளில் அடித்துக் கத்தினாள். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

"நானா, நீங்க போயிருங்க. இனிமே இந்த ரோட்டுக்கு வராதீங்க. வந்தீங்கன்னா நான் வந்துருவேன். அதனாலதான் சொல்றேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு தொழுறீங்களே. அல்லா ஒங்களுக்கு என்ன தந்தான்?"

"தெரியல நானா. ஆனா அவன் முன்னாலதான் நிக்கணும். வேற எங்க போய் நிக்கிறது?"

லொறி திரும்பிப் போனது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் மூலையில் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். 

அடுத்த வியாழன் வேறொரு டிரைவர் வந்தார், வாயாடி மனுஷன். மலாய்க்கார நானா கொழும்புக்குப் போகவில்லை, பொல்பிட்டியவில் மின்சார நிலையம் கட்டுகிற இடத்தில் லொறி ஓட்டப் போய்விட்டார் என்று அவர்தான் சொன்னார். அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் என்மேல் கோபம். "கிறுக்குப் புள்ள! நல்ல மனுசன். ஓங் கையாலேயே தொரத்திட்டியே. வராத புருசனுக்காகவா?" என்று திட்டினாள். திட்டிவிட்டு அவளே எனக்குக் கஞ்சி காய்ச்சி வந்து ஊட்டினாள். நான் சாப்பிடாமல் கிடந்த நாட்கள் அவை. ஆனால் தொழுகையை மட்டும் விடவில்லை. பக்தியினால் என்று சொல்ல மாட்டேன். ஆற்றில் போகிறவன் கையில் அகப்பட்ட வேரைப் பிடித்துக்கொள்வது போலத்தான்.

ஆறேழு மாதம் போயிருக்கும். வாயாடி டிரைவர் மூட்டை இறக்கிக்கொண்டே, "பழைய நானாவுக்கு கினிகத்தேனயில கலியாணம் முடிஞ்சிருச்சு, தெரியுமா?" என்றார். "நல்ல எடம்," என்றும் சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ்," என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு மூட்டைகளைச் சரிபார்த்தேன். அன்று பிசைந்த மாவு சரியாகப் பொங்கவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் காதியிடமிருந்து ஆள் வந்தது.

அக்காவும் நானும் மறுபடி ஹட்டனுக்குப் போனோம். காதியின் வீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரருடைய ஊரிலிருந்து வியாபாரமாக வந்தவராம். அந்த ஊர் ஜமாஅத்தார் சொல்லியனுப்பியதை அவர் சொன்னார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒங்க மாப்பிள்ளை போன வருசமோ அதுக்கு முந்தின வருசமோ மௌத்தாகல தாயி. ஊருக்கு வந்த அந்த வருசமே மௌத்தாயிட்டாரு. மண்டபத்துல அனுமதிக்குக் காத்துக் கெடந்தப்பவே காய்ச்சல். ஊருக்குத் தூக்கிக்கிட்டு வந்தோம். பொழைக்கல. இங்க சொல்லச் சொல்லி ஒருத்தர்கிட்ட சேதி குடுத்துவிட்டோம். அவரையும் கப்பல் ஏற விடல போல. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு அந்த வீட்டுல யாரும் இல்ல. ஒங்களுக்குச் சேதி வந்திருக்கும்னுதான் இத்தனை காலமும் நெனச்சிருந்தோம்."

"அவரோட உம்மா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அந்த அம்மா நல்லா இருக்கு," என்றார் பெரியவர்.

காதி எழுந்து வந்து திரைக்கு அருகில் நின்றார். "இன்னாலில்லாஹி. மகள், புருஷன் மௌத்தானா பொம்பள இரிக்க வேண்டிய இத்தாக் காலமெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. நீங்க கட்டுப்பட்டவங்க இல்ல. இவ்வளவு நாளும் கட்டுப்பட்டவங்களா இரிக்கல்ல," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் ஏறித் திரும்பினோம். அக்கா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். கொட்டகலை தாண்டியதும்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. லொறிக்கதவு திறந்து கிடந்த அந்தப் பகலில் நான் கைம்பெண். அவர் கூரையில் ஏறித் தகரம் அடித்தபோதும் கைம்பெண். அதற்கும் முன்னால், மழையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, 'இருக்காரா?' என்று அவர் கேட்டாரே, அப்போதும். நிக்காஹ் ஓத ஒரு லெப்பையும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் அன்று பின்னேரமே ஆகுமாகியிருக்கும். மண்ணுக்குள் போய்விட்ட ஒருவருக்காக நான் வாசலைச் சாத்தியிருக்கிறேன்.

நீ அறிந்திருந்தாயே.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் சுஜூதில் கிடந்து, முடியவில்லை, முடியவில்லை என்று சொன்னபோது நீ அறிந்திருந்தாய். அவர் இல்லை என்று உனக்குத் தெரியும். ஒரு சொல், ஒரு கனவு, ஒரு வழிப்போக்கனின் வாய். எதையாவது அனுப்பியிருக்கலாமே.

அன்று அந்தி மஃரிபுக்கு முசல்லாவை விரித்தேன். நிற்க முடியவில்லை. இறந்த புருஷனுக்காக அழுவதா, எனக்காக அழுவதா என்றும் தெரியவில்லை. இத்தனை காலமும் ஓர் ஆசையோடுதான் போராடினேன். இப்போது வந்தது வேறு. இனி எதற்கு நிற்க வேண்டும், யார் கேட்கிறார்கள், இந்தப் பாயைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு மற்றவர்கள் மாதிரி வாழ்ந்துவிட்டுப் போகலாமே என்ற நினைப்பு. முன்னதைவிட இது ஆயிரம் மடங்கு பலமாக இழுத்தது. ஏனென்றால் முன்பெல்லாம் ஓடுவதற்கு அவன் பக்கம் இருந்தது. இப்போது அவனை விட்டே ஓடச் சொன்னது.

உட்கார்ந்த இடத்திலேயே கைகளை விரித்தேன். அரபியில் ஒன்றும் வரவில்லை. தமிழில் பேசினேன். சத்தமாகவே பேசினேன். மகள் பயந்துபோய் எழுந்து அக்கா வீட்டுக்கு ஓடினாள். கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டேன். ஏன் என்னை இப்படி வைத்தாய் என்று கேட்டேன். நீ இருக்கிறாயா என்றுகூடக் கேட்டேன். கேட்டுக் களைத்து, அப்படியே முன்னால் சரிந்தபோது நெற்றி தரையைத் தொட்டிருந்தது. இதையும் அவனிடம்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் இல்லையென்றால் இந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோவேன்? அவன் மேல் எனக்கு இருந்த புகாரை அவனைத் தவிர வேறு எவனிடமும் சொல்ல முடியாது. அதற்குள் மஃரிபு நேரம் போய்விட்டது. எழுந்து ஒழுச் செய்து, களாவாகத் தொழுதேன்.

இதனால் ஆறுதல் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பல வாரங்கள் இருட்டுத்தான். கோபத்தோடு நிற்பேன், கோபத்தோடு குனிவேன், கோபத்தோடு எழுவேன். அந்தப் பகலில் நான் மறுத்தது புருஷனுக்காக அல்ல, அவருடைய முகம்கூட அப்போது என் முன்னால் இல்லை, எவன் முன்னால் நிற்கிறேனோ அவனுக்காகத்தான் மறுத்தேன், ஆகவே புருஷன் இறந்திருந்ததால் அது வீணாகிவிடாது. இப்படியெல்லாம் எனக்கு விளங்கியது வெகுகாலம் கழித்துத்தான். விளங்கிய பிறகும் வலி போய்விடவில்லை.

மரணச் செய்தி பரவியதும் ஒருநாள் பொல்பிட்டியவிலிருந்து மலாய்க்கார நானா வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. போறணை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அவள் சின்னப் பெண். நிறைமாதத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கும். மூச்சு வாங்கப் படியேறி வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். முன்பின் தெரியாத எனக்காக.

"இவர் எப்பவும் சொல்லுவார், தாத்தா. ஒங்களப் போல ஈமான் உள்ள பொம்பளயப் பார்த்ததில்லண்டு," என்றாள். அக்காவை அவர்கள் பக்கத்தில் தாத்தா என்பார்கள்.

அவர் வெளியே மூட்டையடுக்கின் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். நான் சூடான பாண் வெட்டி, பருப்புக்கறியும் பிளேன்டியும் வைத்தேன். அவர் ஒரு துண்டுக்கு மேல் சாப்பிடவில்லை. அவள்தான் பசியோடு சாப்பிட்டாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் வைத்தேன். மகள் அவர் பக்கம் போகவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "தாத்தா, எனக்குப் பயமா இரிக்கி. இவரோட மூத்த பொஞ்சாதி புள்ளப்பேறுலதானே மௌத்தானாங்க. எனக்குத் துஆச் செய்ங்க," என்று கேட்டாள்.

செய்கிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, செய்ய முடியவில்லை. அஸருக்குப் பிறகு கையை ஏந்துவேன், அவளுடைய வயிறும் அவள் சாப்பிட்ட விதமும் கண்ணில் வரும், வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது அவளிடம் இருக்கிறது என்று உள்ளே ஒன்று புரண்டுகொண்டே இருக்கும். அவளுக்கு நல்லது கேட்கக்கூட நீதான் எனக்கு வாய் தர வேண்டும் என்று கடைசியில் அதையும் அவனிடமே கேட்டேன். இப்படி நாட்கள் போயின.

ஒருநாள் பகல், போறணையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அடைமழை. கொழுந்துக் காட்டிலிருந்து பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து எங்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். அவர்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் துவட்டிவிட்டேன். துவட்டிக்கொண்டிருந்தபோதே, "யா அல்லாஹ், அந்தப் பொல்பிட்டியப் பிள்ளையைப் பத்திரமாகப் பெற்றெடுக்க வை. தாயையும் பிள்ளையையும் அவருக்குக் கொடு," என்று வாயில் வந்துவிட்டது. முயற்சி செய்யாமல் வந்தது.

ஆண் பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள் என்று அடுத்த மாதம் லொறி டிரைவர் சொன்னார். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது.  உள்ளே போய் நன்றி சொல்லும் ஷுக்ருக்காக இரண்டு ரக்அத் தொழுதேன். பிறகு பிள்ளை பெற்ற வீட்டுக்கு அனுப்ப அரிசியும் பயறும் எடுத்து வைத்து, பள்ளிவிட்டு வந்த மகளைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னலாமா, என்ன நிறம் நல்லா இருக்கும் என்று கேட்டேன். அவள் புத்தகப் பையைக் கீழே இறக்கி வைத்தாள். மஞ்சள் என்றாள்.